நீங்க என்ன ஆளுங்க?

புதுச்சேரியிலிருந்து கடலூர் போகும் பஸ் அரியாங்குப்பத்தைத் தாண்டினால் நோணாங்குப்பம். சுண்ணாம்பாற்றில் படகு ஏற வருகிற சுற்றுலாக்காரர்கள் ‘போட் ஹவுஸ்’ என்று கேட்டு இங்கே இறங்கிக்கொள்கிறார்கள். இதே சாலையில் இன்னும் தெற்கே, கிருமாம்பாக்கம், பிள்ளையார்குப்பம் பக்கம் மருத்துவக் கல்லூரிகளும் பொறியியல் கல்லூரியும் இருக்கின்றன. வடக்கே பத்து கிலோமீட்டருக்குள் புதுச்சேரி நகரம். இப்படிப்பட்ட சாலையோர ஊர்களில், கீழே தாங்கள் குடியிருந்துகொண்டு மாடியில் ஓர் அறையும் பாத்ரூமும் எடுத்துக் கட்டி வாடகைக்கு விடுவது பல குடும்பங்களுக்கு மாதாமாதம் வருகிற ஒரு நிச்சயமான வரும்படி.

‘டு லெட்’ பலகையில் உள்ள எண்ணுக்குப் போன் செய்தால் வாடகைப் பேச்சு கடைசியில்தான் வரும். எந்த ஊரு? என்ன படிக்கிறீங்க? பேச்சிலரா, பேமிலியா? கறி மீன் சமைப்பீங்களா? ராத்திரி எத்தனை மணிக்கு வருவீங்க? யாரு யாரு வந்து போவாங்க? இவ்வளவும் முடிந்தபின் குரல் கொஞ்சம் தாழும். “தப்பா எடுத்துக்காதீங்க, நீங்க என்ன ஆளுங்க?” நேராகக் கேட்கக் கூசுகிறவர்கள் குலதெய்வம் எது, சொந்த ஊரில் எந்தத் தெரு என்று சுற்றி வளைத்து அங்கேயே வந்து சேர்வார்கள். பதில் பிடிக்காவிட்டால் மறுப்பும் நேராக வராது. மச்சான் வீட்டுக்குப் பேசி வச்சிட்டோம் என்றோ, ஊரிலிருந்து தங்கச்சி வருகிறாள் என்றோ ஒரு சொந்தக்காரர் திடீரென்று முளைப்பார். பலகை மட்டும் மறுநாளும் அதே கேட்டில் தொங்கும்.

வெளியாள் வந்து தங்குவது இந்த வட்டாரத்துக்குப் புதிதில்லை. அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் இருக்கிறது அரிக்கமேடு. 1945இல் மார்ட்டிமர் வீலர் அங்கே தோண்டியபோது இத்தாலியில் செய்த மண்பாண்டங்களின் ஓடுகளும், மத்தியதரைக் கடற்கரைகளிலிருந்து மது ஏற்றி வந்த ஆம்போரா ஜாடிகளின் துண்டுகளும் கிடைத்தன. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் சரக்கோடு வந்தவர்கள் காற்றுத் திரும்பும்வரை காத்திருந்துதான் கப்பலேற முடியும். அதுவரை அவர்களுக்கு யாரோ கூரை காட்டியிருக்க வேண்டும்.

விருந்தும் வியாபாரமும் ஒரே வாசலில் முட்டிக்கொள்ளும் இடம் வாடகை அறை. விருந்தாளியை எப்படி நடத்த வேண்டும் என்று நம் அறநூல்கள் அதிகாரம் போட்டுச் சொல்லியிருக்கின்றன. வாணிகம் செய்பவனுக்கும் அறம் வகுத்திருக்கின்றன. குடியிருப்பவர் இந்த இரண்டு கணக்கிலும் முழுதாக அடங்குவதில்லை. காசு கொடுக்கிறார், ஆகவே விருந்தாளி என்று சொல்ல முடியாது. ஆனால் நம் தலைக்கு மேலே தூங்குகிறார், நம் கிணற்றுத் தண்ணீரில் குளிக்கிறார், ஆகவே வெறும் வாடிக்கையாளரும் இல்லை. இப்படி ஒருவர் வாசலில் வந்து நிற்கும்போது, நீ யார் என்று கேட்பது சரியா? கேட்காமல் சாவியைக் கொடுப்பது சரியா?

கேள்வியே கேட்காத அறைகள் உலகத்தில் உண்டு. தென்கொரியத் தலைநகர் சியோலில் அவற்றுக்குக் கோஷிவோன் என்று பெயர். அரசுத் தேர்வுகளுக்குப் படிப்பவர்களுக்காக உண்டானவை. ஒரு தளத்தை மெல்லிய தடுப்புகளால் இருபது முப்பது அறைகளாகப் பிரித்திருப்பார்கள். ஒற்றைக் கட்டில், அதன் கால்மாட்டில் மேசை, தலைக்கு மேலே அலமாரி. பல அறைகள் 5, 6 சதுர மீட்டரைத் தாண்டாது. வாடகை மாதம் ஏறக்குறைய 3 லட்சம் முதல் 5 லட்சம் வோன் வரை. நம் பணத்தில் 18,000 முதல் 30,000 ரூபாய்.

இதைப் போய் மலிவு என்பதா என்று நோணாங்குப்பத்தில் கேட்பார்கள். சியோலின் பல்கலைக்கழகப் பேட்டைகளில் தனிச் சமையலறை, குளியலறையோடு ஓர் அறை எடுக்க வேண்டுமானால் வாடகைக்கு முன்னால் அட்வான்ஸ் நிற்கிறது. சாதாரணமாக 1 கோடி வோன், அதாவது ஆறு லட்சம் ரூபாய் அளவுக்கு. அதற்கு மேல் மாதம் 5, 6 லட்சம் வோன் வாடகை. நம் ஊர்ப் போக்கியம் போலவே அங்கேயும் ‘ஜொன்சே’ என்று ஒரு முறை உண்டு: பெருந்தொகையை மொத்தமாகக் கொடுத்துவிட்டு வாடகை இல்லாமல் இருக்கலாம், காலி செய்யும்போது தொகை திரும்பி வரும். இருபது வயதுப் பிள்ளையிடம் அவ்வளவு பணம் ஏது? வெளிநாட்டு மாணவர் என்றால் தயங்கும் வீட்டுக்காரர்களும் அங்கே உண்டு. பல்கலைக்கழகங்கள் விடுதி கட்டலாம் என்று கிளம்பியபோது, தங்கள் அறைகள் காலியாகிவிடும் என்று சுற்றுவட்டார வீட்டுக்காரர்கள் எதிர்த்துக் கிளம்பிய கதையும் கொரியா பல்கலைக்கழகம், ஹன்யாங் பல்கலைக்கழகம் ஆகியவற்றின் பக்கத்தில் நடந்திருக்கிறது.

கோஷிவோனில் இந்த வம்பு எதுவும் இல்லை. ஒரு மாத வாடகை கொடுத்தால் அன்றைக்கே சாவி. ஊர், சாதி, மதம், கல்யாணம் ஒன்றும் கேட்பதில்லை. பல இடங்களில் பொதுச் சமையலறைக் குக்கரில் சோறும் பிரிட்ஜில் கிம்ச்சியும் இலவசம். தமிழ்நாட்டிலிருந்தும் புதுவையிலிருந்தும் ஆராய்ச்சிக்காகப் போகிறவர்களுக்கு, சாதிச் சுமையை விமான நிலையத்திலேயே இறக்கி வைத்துவிட்டு நுழையக்கூடிய அறை இது.

ஆனால் அந்த அறைக்கு இன்னொரு முகம் உண்டு. 2018 நவம்பர் 9 அதிகாலை சியோலின் ஜோங்னோ பகுதியில் ஒரு கோஷிவோனில் தீப்பிடித்து 7 பேர் இறந்தார்கள். தங்கியிருந்தவர்களில் பலர் தினக்கூலித் தொழிலாளர்கள். தானாகத் தண்ணீர் பீய்ச்சும் கருவி அந்தக் கட்டடத்தில் இல்லை. ஜன்னல் வைத்த அறையில் இருந்த சிலர் வெளியே தாவித் தப்பினார்கள். ஜன்னல் இல்லாத அறைக்கு வாடகை மாதம் 40,000 வோன் குறைவு என்பது பின்னர் செய்திகளில் பேசப்பட்டது. நம் கணக்கில் இரண்டாயிரத்துச் சொச்சம் ரூபாய். 2022 ஜூலையில் சியோல் மாநகராட்சி விதியை மாற்றியது. புதிதாகக் கட்டும் கோஷிவோன் அறை குறைந்தது 7 சதுர மீட்டர் இருக்க வேண்டும், வெளிப்பக்கம் திறக்கும் ஜன்னல் வேண்டும்.

சியோல் தேசியப் பல்கலைக்கழகம் 1975இல் குவானாக் மலையடிவாரத்துக்கு இடம் மாறியது. அதன் பக்கத்திலுள்ள தேஹாக்-தோங்கில் தேர்வு மாணவர்களின் அறைகள் தெருத்தெருவாகப் பெருகின. வழக்கறிஞர், நீதிபதி ஆவதற்கான பழைய தேர்வு 2017இல் முடிவுக்கு வந்ததும் மாணவர் கூட்டம் வடிந்தது. காலியான அறைகளுக்குக் குறைந்த வருமானக்காரர்களும் தனித்து விடப்பட்ட முதியவர்களும் வந்தார்கள். அண்டை அயலுக்குத் தெரியாமல் தனியே செத்துக் கிடப்பவர்களை எண்ணிப் பார்க்க வேண்டிய நிலை கொரிய அரசுக்கு வந்தது. அதற்கென்றே ஒரு சட்டம் 2021இல் நடைமுறைக்கு வந்தது. அந்த ஆண்டில் மட்டும் அப்படி இறந்தவர்கள் 3,378 பேர் என்று அரசு கணக்கெடுத்தது. நீ யார் என்று கேட்காத வாசல், சாப்பிட்டாயா என்றும் கேட்பதில்லை.

நோணாங்குப்பத்து மாடி அறையில் இரண்டு நாள் விளக்கு எரியாவிட்டால் கீழ் வீட்டு அம்மா படியேறி வந்து கதவைத் தட்டுவார். காய்ச்சல் என்றால் ரசம் வரும். மூன்றாம் மாதம் பையனின் அம்மாவோடு போனில் பேசத் தொடங்கிவிடுவார். பேச்சிலரா என்று துருவியவரும் இவர்தான். வேண்டாதவரை விலக்கிய மூக்குதான் வேண்டியவரை அக்கறையோடு மோப்பம் பிடிக்கிறது. அக்கறையை வைத்துக்கொண்டு விலக்கலை மட்டும் கழற்றிவிட முடியுமா?

கொரியாவிலும் நடுவே ஒரு வழி இருந்தது. ‘ஹாசுக்’ என்பார்கள். வீட்டுக்கார அம்மா தன் வீட்டிலேயே அறை கொடுத்து, காலையும் மாலையும் சோறு போடுவார். 2013இல் வந்த ‘ரிப்ளை 1994’ தொடர் சியோலின் ஷின்சோனில் அப்படி ஒரு வீட்டில்தான் நடக்கிறது. வெவ்வேறு மாகாணங்களிலிருந்து வந்த பிள்ளைகள் ஒரே மேசையில் குழம்புக்குச் சண்டை போடுகிறார்கள். கொரியத் தொடர் பார்க்கும் நம் வீட்டுப் பிள்ளைகளுக்கும் அந்த மேசை தெரியும். அந்த வீடுகள் இன்று அருகிவிட்டன. தனியறையும் பூட்டும் யாரும் கேட்காத சுதந்திரமும் மாணவர்களுக்குப் பிடித்திருக்கின்றன. அம்மாக்களுக்கும் வயதாகிவிட்டது.

அறை சின்னதாக இருப்பதுதான் பிரச்சினை என்றால் பௌத்தம் வேறு பதில் சொல்லும். ஒரு பிக்கு கொடையாளர் இல்லாமல் தானே கட்டிக்கொள்ளும் குடிலுக்கு விநயப் பிடகம் அளவு விதித்திருக்கிறது: புத்தரின் சாண் அளவில் நீளம் 12, அகலம் 7. அந்தச் சாண் எவ்வளவு என்பதில் உரைகாரர்கள் ஒத்துப்போவதில்லை. ஒரு கணக்குப்படி குடில் 3 மீட்டருக்கு 1.75 மீட்டர். பெருக்கிப் பார்த்தால் ஐந்தேகால் சதுர மீட்டர், கோஷிவோன் அறையேதான். ஆளவி என்ற ஊரில் பிக்குகள் குடில் கட்ட அது கொடு, இது கொடு என்று ஊராரைப் பிடுங்கி எடுத்ததால் இந்த விதி வந்தது என்கிறது நூல். அதே விதி இன்னொன்றும் கேட்கிறது. குடிலைச் சுற்றி மாடு பூட்டிய வண்டி போய்வர இடம் விட்டிருக்க வேண்டும். உள்ளே குறுக்கிக்கொள், வெளியே தாராளம் வை. தன் ஆசைக்குத் தானே போட்டுக்கொண்ட அளவு அது. கோஷிவோனில் அளவு போடுகிறவர் ஒருவர், அதற்குள் மடங்கிப் படுக்கிறவர் வேறொருவர். சுற்றிலும் வண்டி போக இடமும் இல்லை.

இடத்தை அளப்பதைப் பற்றித் தமிழ்நாட்டுக் கோயில் ஒன்று இரண்டு கதைகளை ஒன்றாக வைத்திருக்கிறது. புதுச்சேரியிலிருந்து விழுப்புரம் வழியாக மேற்கே போனால் தென்பெண்ணைக் கரையில் திருக்கோவிலூர். கோயில் உலகளந்த பெருமாளுடையது.

முதல் கதை எல்லோருக்கும் தெரிந்தது. குள்ளமாக ஒரு பிரம்மச்சாரி வந்து மகாபலியிடம் மூன்றடி மண் கேட்கிறான். பலியின் குரு சுக்கிராச்சாரியார் குறுக்கே விழுகிறார்: வந்திருப்பவன் யார் என்று தெரிந்துகொள், கொடுத்துவிடாதே. பலி கேட்கவில்லை. தாரை வார்க்கிறான். மூன்றடி கேட்டவன் வளர்ந்து மண்ணையும் விண்ணையும் இரண்டடியில் எடுத்துக்கொண்டு, மூன்றாவது அடிக்குப் பலியின் தலையில் கால் வைக்கிறான். இந்தக் கதையை வீட்டுக்காரரின் கண்ணால் படித்தால் வயிறு கலங்கும். ஒரே ஓர் அறை போதும் சார் என்று வந்தவர் பத்து வருடம் கழித்தும் காலி செய்ய மறுத்து, வழக்குப் போட்டு, கடைசியில் வீட்டையே தன்னுடையது என்றால்? தமிழ்க் குடும்பங்களில் இப்படி ஒரு கதை சொல்லாத பெரியப்பா இருக்க மாட்டார். புதுச்சேரியின் 1969ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் நினைத்த நேரத்தில் குடியிருப்பவரை வெளியேற்ற விடாது. அதற்குச் சட்டம் ஒப்பும் காரணம் வேண்டும். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்ய வேண்டும் என்பதால் ஒப்பந்தமும் 11 மாதத்துக்குத்தான் எழுதப்படுகிறது. அட்வான்ஸ் பேசும் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் சுக்கிராச்சாரியார் நின்றுகொண்டிருக்கிறார். அவர் பேச்சில் நியாயமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. வந்தவன் யார் என்று அவர் சரியாகத்தான் கண்டுபிடித்தார்.

இரண்டாவது கதையும் அதே ஊரில் நடக்கிறது. மழை கொட்டும் இரவு. காஞ்சியில் பிறந்த பொய்கையாழ்வார் ஒரு வீட்டின் இடைகழியில் ஒதுங்குகிறார். வாசலுக்கும் உள்வீட்டுக்கும் நடுவே உள்ள குறுகிய நடை அது, ஒருவர் படுக்கலாம். மல்லையில் பிறந்த பூதத்தாழ்வார் வந்து இடம் கேட்கிறார். ஒருவர் படுக்குமிடத்தில் இருவர் உட்காரலாம் என்று முன்னவர் எழுந்து உட்காருகிறார். மயிலையில் பிறந்த பேயாழ்வார் வருகிறார். இருவர் உட்காருமிடத்தில் மூவர் நிற்கலாம். நின்றுகொள்கிறார்கள். பிறகு நாலாவதாக ஒருவர் நெருக்குவது தெரிகிறது. இருட்டில் முகம் தெரியவில்லை. யார் என்று பார்க்க அவர்கள் பாட்டாலேயே விளக்கேற்றியதாகச் சொல்கிறது வைணவ மரபு. நெருக்கியவர் பெருமாள்.

அண்டத்தையே இரண்டு அடியில் அளந்தவர் இங்கே ஒரு நடையில் இடம் போதாமல் இடிபட்டு நிற்கிறார். ஒரே ஊர், ஒரே சாமி. இரண்டு கதையிலும் வந்தவரின் உண்மை உருவம் பின்னால்தான் தெரிகிறது. பலி எல்லாவற்றையும் இழந்தான். ஆழ்வார்கள் எல்லாவற்றையும் பெற்றார்கள். யார் என்று பார்க்காமல் இடம் கொடுத்தால் நல்லது நடக்கும் என்றோ கெட்டது நடக்கும் என்றோ திருக்கோவிலூர் உத்தரவாதம் தருவதில்லை. கதவைத் திறப்பதில் ஆபத்து இருக்கிறது என்பதை அந்தக் கோயில் மறைக்கவில்லை.

இந்த ஆபத்தைச் சட்டத்தால் அடக்கப் பார்த்தவர் இம்மானுவேல் காண்ட். 1795இல் எழுதிய ‘நிலைத்த அமைதி’ நூலில், அந்நியரை வரவேற்பது தயவைப் பற்றியதல்ல, உரிமையைப் பற்றியது என்றார். பூமி உருண்டை, அதன் பரப்பு ஓர் எல்லைக்கு உட்பட்டது, மனிதர் எவ்வளவு விலகிப் போனாலும் ஒருவரையொருவர் சந்தித்தே ஆக வேண்டும். ஆகவே வந்தவரை எதிரியாக நடத்தக் கூடாது. ஆனால் அவருக்கு உள்ளது வந்து பார்க்கும் உரிமை மட்டுமே, விருந்தாளியாக உட்காரும் உரிமை இல்லை. அவருக்கு அழிவு நேராது என்றால் திருப்பி அனுப்பலாம். இதை எழுதியவரே 59ஆம் வயதில், 1783இல்தான் சொந்த வீடு வாங்கினார். அதுவரை வாடகை இடங்கள். பக்கத்து வீட்டுச் சேவல் கூவுவது படிப்பைக் கெடுக்கிறது என்று ஓர் இடத்தைக் காலி செய்துவிட்டுப் போனார் என்கிறார்கள் அவர் வரலாற்றை எழுதியவர்கள். காண்ட்டின் அளவுகோலை வைத்தால் நோணாங்குப்பத்து வீட்டுக்காரர் பேச்சிலருக்கு இல்லை என்று சொல்வதில் தவறில்லை. பையனுக்கு அழிவு எதுவும் வந்துவிடாது, அரியாங்குப்பத்தில் இன்னோர் அறை பார்த்துக்கொள்வான்.

ஆனால் ஊரிலுள்ள வீட்டுக்காரர் எல்லாரும் ஒரே காரணத்துக்காக ஒரே ஆளைத் திருப்பி அனுப்பினால்? சுகதேவ் தோரட்டும் வேறு ஆய்வாளர்களும் தில்லி வட்டாரத்தில் வாடகைச் சந்தையை ஆராய்ந்து 2015இல் வெளியிட்டார்கள். வீடு தேடுகிறவரின் பெயர் உயர்சாதிப் பெயராக இருந்தால் கதவு திறந்தது. தலித் பெயர்களுக்கு மறுப்பும் கூடுதல் நிபந்தனையும் வந்தன. முஸ்லிம் பெயர்களுக்கு மறுப்பு இன்னும் அதிகம். ஒவ்வொரு மறுப்பும் தனியாகப் பார்த்தால் ஒருவரின் சொந்த விருப்பம். வரிசையாக அடுக்கினால் அது ஒரு மதில்.

நம் அரசியலமைப்பின் 15ஆவது பிரிவின் இரண்டாம் உட்பிரிவு கடை, உணவகம், ஹோட்டல், பொழுதுபோக்கு இடம் ஆகியவற்றில் மதம், இனம், சாதி, பால், பிறந்த இடம் காரணமாக யாரையும் தடுக்கக் கூடாது என்கிறது. வாடகைக்கு விடும் வீடு அந்தப் பட்டியலில் இல்லை. ஆகவே சுண்ணாம்பாற்றுக் கரையில் ஒரு லாட்ஜ் நடத்துகிறவர் ஓர் இரவுக்கு அறை கேட்டு வருகிறவரைச் சாதி சொல்லி மறுக்க முடியாது. எதிர் வீட்டு மாடி அறையை ஓராண்டுக்குக் கேட்டு வருகிறவரிடம் அதே கேள்வியைக் கேட்டு மறுத்தால் இந்தப் பிரிவு எட்டிப் பார்ப்பதில்லை. ஓர் இரவுக்குச் சமமானவர், பன்னிரண்டு மாதத்துக்குச் சமமில்லை.

பிரெஞ்சுத் தத்துவவாதி ழாக் தெரிதா 1996இல் விருந்தோம்பல் பற்றிப் பேசிய வகுப்புகளில் இந்த வாசல் கேள்வியையே கையில் எடுத்துக்கொண்டார். வந்தவரிடம் பெயர் கேட்பதிலிருந்து விருந்தோம்பல் தொடங்குகிறதா, பெயர்கூடக் கேட்காமல் இடம் கொடுப்பதிலிருந்தா? அல்ஜீரியாவில் யூதக் குடும்பத்தில் பிறந்தவர் அவர். 1940இல் பிரான்சின் விஷி அரசு அல்ஜீரிய யூதர்களின் பிரெஞ்சுக் குடியுரிமையைப் பறித்தது. நீ யார் என்று அரசாங்கம் கேட்டு, பதிலைப் பார்த்துவிட்டுப் பள்ளிக்கூடத்திலிருந்து வெளியேற்றிய பிள்ளை அவர். நிபந்தனையே இல்லாத விருந்தோம்பலை எந்த வீடும் எந்த நாடும் நடத்திவிட முடியாது என்று அவருக்குத் தெரியும். ஆனாலும் அந்த நடக்காத ஒன்றை எதிரே வைத்துத்தான் நடக்கிற விதிகளை அளக்க வேண்டும் என்பது அவர் வாதம்.

புதுச்சேரியில் இந்தக் கேள்விக்கு ஒரு பழைய வாடகைக் கதை உண்டு. 1908இல் பிரிட்டிஷ் போலீசுக்குத் தப்பிப் பாரதியார் இங்கே வந்தார். முதலில் இடம் கொடுத்தவர் குப்புசாமி அய்யங்கார். ஒற்றர்கள் அவரை மிரட்டினார்கள், அவருக்குத் தாங்கவில்லை. பிறகு குவளைக் கண்ணன் போன்றவர்களின் துணையோடு வேறு வீடு அமைந்தது. ஈசுவரன் தர்மராஜா கோயில் தெருவில் அவர் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரரை ஊரார் விளக்கெண்ணெய்ச் செட்டியார் என்பார்கள். வாடகை கேட்க வருவார். பாரதி பாடிக்கொண்டிருந்தால் உட்கார்ந்து கேட்டுவிட்டு வாடகைப் பேச்சை எடுக்காமலே திரும்பிவிடுவார் என்று எழுத்தாளர் வ.ரா. எழுதியிருக்கிறார். 1910 ஏப்ரலில் அரவிந்தர் ரகசியமாக வந்து இறங்கியபோது சங்கரச் செட்டியார் தன் வீட்டு மாடியைத் திறந்துவிட்டார். தேடப்படுகிற ஆள் என்று தெரிந்தே திறந்த கதவு அது.

இந்தச் செட்டியார்களைக் கொண்டாடும்போதே ஒரு சங்கடமும் கூட வருகிறது. புதுச்சேரியில் பாரதியோடு பழகிய தலித் இளைஞர் ரா. கனகலிங்கம். பாரதி அவருக்குப் பூணூல் அணிவித்தார். கனகலிங்கம் பின்னாளில் ‘என் குருநாதர் பாரதியார்’ என்று நூல் எழுதினார். பாரதி குடியிருந்த வீட்டுக்குள் கனகலிங்கம் வந்து போக முடிந்தது, காரணம் பாரதி. அதே தெருவில் கனகலிங்கமே ஒரு வீட்டு வாசலில் நின்று, முன்பணம் கையில் வைத்துக்கொண்டு, வாடகைக்கு இடம் கேட்டிருந்தால்? கவிஞருக்கு விட்டுக்கொடுத்த வாடகை, இவருக்கு வாங்கிக்கொள்ளப்படவாவது செய்திருக்குமா? வாடகையை விட்டுக்கொடுத்தது தாராளம். ஆனால் ‘என்ன ஆளு’ என்ற கேள்விக்குப் பாரதியிடம் ஏற்கெனவே பதில் இருந்தது.

அந்தக் கேள்வியை வேரோடு மாற்றப் பார்த்த ஊரும் பக்கத்திலேயே இருக்கிறது. 1968 பிப்ரவரி 28இல் 124 நாடுகளின் மண்ணைக் கொண்டுவந்து ஒரு தாழியில் இட்டுத் தொடங்கிய ஆரோவில்லில் வீடு யாருக்கும் சொந்தமில்லை. 1988ஆம் ஆண்டுச் சட்டப்படி சொத்துகள் அறக்கட்டளைக்கு உரியவை. குடியிருப்பவர் பாதுகாவலர் மட்டுமே. கொரியர்களும் அங்கே வாழ்கிறார்கள். நாடு, மதம் கேட்பதில்லை. ஆனால் சேர வருகிறவர் புதியவராக ஒரு காலம் இருந்து பார்க்கப்படுகிறார். அந்தக் காலத்தில் வீடு கிடைக்காமல், ஊருக்குப் போயிருப்பவர்களின் வீடுகளைக் காவல் காத்துக்கொண்டு ஒவ்வொன்றாக மாறிக்கொண்டிருப்பதும் பலருக்கு நேர்கிறது. சொத்துரிமையை எடுத்துவிட்டாலும் வாசல் கேள்வி போகவில்லை, வேறு வடிவம் எடுத்திருக்கிறது.

ஆகவே கேள்வியை ஒழிப்பதைப் பற்றிப் பேசிப் பயனில்லை. எது முன்னால், எது பின்னால் என்ற வரிசையைப் பற்றிப் பேசலாம். ஹோமரின் ‘ஒடிசி’யில் தந்தையைத் தேடி வரும் தெலமாக்கசை நெஸ்தர் வரவேற்று, இறைச்சியும் மதுவும் கொடுத்து, வயிறு நிறைந்தபின்தான் நீங்கள் யார் என்று கேட்கிறார். பெரியபுராணத்தின் இளையான்குடி மாறனார், மழையிரவில் வந்தவருக்குச் சோறாக்க, அன்று விதைத்த முளைநெல்லை இருட்டில் போய் வாரிக்கொண்டு வருகிறார். வந்தவர் யார் என்பது சாப்பாடு தயாரான பிறகு தெரிகிறது. இடைகழியிலும் முதலில் நகர்ந்து இடம் விட்டார்கள், விளக்கு பின்னால் வந்தது. வெவ்வேறான இந்த மரபுகள் ஒரே வரிசையைக் கடைப்பிடிப்பது தற்செயலாகத் தோன்றவில்லை. இடம் கிடைத்தபின் வருகிற கேள்விக்கு விருந்தாளி கதை சொல்லலாம், சிரிக்கலாம், மழுப்பலாம். இடத்துக்கு முன்னால் வருகிற கேள்விக்கு அவர் தேர்வுதான் எழுத வேண்டும்.

நெஸ்தர் ஒரு வேளைச் சாப்பாடு முடியும்வரைதான் கேட்காமல் இருந்தார்; நான் ஓராண்டுக்கு எப்படிக் கேட்காமல் இருப்பேன் என்று வீட்டுக்காரர் கேட்பார். நியாயம்தான். அவருக்கும் கேட்க உரிமையுள்ள கேள்விகள் உண்டு. எத்தனை பேர்? வாடகை எந்தத் தேதிக்குள் வரும்? எப்போது காலி செய்வீர்கள்? இரவு பன்னிரண்டுக்குப் பாட்டு வைப்பீர்களா? இவையெல்லாம் வருகிறவரின் நடத்தையைப் பற்றியவை. பொய் சொன்னால் நாளைக்குப் பிடிபடும், சரி செய்துகொள்ளவும் முடியும், ஒப்பந்தத்தில் எழுதவும் முடியும். ‘என்ன ஆளுங்க’ என்பதற்கான பதிலை எந்த நல்ல நடத்தையாலும் மாற்ற முடியாது. ஒழுங்காக வாடகை கட்டினாலும் மூன்று வருடம் சண்டையில்லாமல் இருந்தாலும் அந்தப் பதில் அப்படியேதான் இருக்கும். சுக்கிராச்சாரியார்கூட வாமனன் என்ன செய்யப் போகிறான் என்று அஞ்சினார். எந்த வீட்டுப் பிள்ளை என்பதற்காக மறுக்கச் சொல்லவில்லை. கறி மீன் கேள்வி இரண்டுக்கும் நடுவே நிற்கிறது. சில வீடுகளில் அது உண்மையாகவே சமையலறையைப் பற்றியது. பல வீடுகளில் அது முதல் கேள்வியின் மாறுவேடம். ஆடு கோழி சமைக்கும் வீட்டுக்காரரே அதை மாடிக்கு வருகிறவரிடம் கேட்கும்போது வேடம் கலைகிறது.

சாப்பிட்டாயா, ஏன் இரண்டு நாளாக விளக்கு எரியவில்லை, காய்ச்சலா என்ற கேள்விகள் சாவி கொடுத்த பிறகு வருபவை. கோஷிவோனில் விடுபட்டுப் போனவை இவை. ஹாசுக் வீட்டு அம்மா கேட்டவை இவை. நோணாங்குப்பத்தில் இன்னும் கேட்கப்படுபவையும் இவைதான்.

நடைமுறையில் ஒரு சிக்கல் மிச்சமிருக்கிறது. இப்போது வாடகைப் பேச்சு தொடங்கும்போதே ஆதார் நகலை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்கிறார்கள். காவல் நிலையத்துக்குத் தகவல் கொடுக்க, ஒப்பந்தம் எழுத என்று அதற்குச் சரியான காரணங்கள் உண்டு. அந்த நகலில் பெயர் இருக்கிறது, பெரும்பாலும் அப்பா பெயரும் இருக்கிறது, கிராமமும் தெருவும் இருக்கின்றன. சில முகவரிகளில் தலித் குடியிருப்பைக் குறிக்கும் காலனி என்ற சொல்லும் இருக்கிறது. குரலைத் தாழ்த்திக் கேட்க வேண்டிய அவசியமே இல்லாமல் எல்லாப் பதிலும் வீட்டுக்காரரின் போனுக்கு வந்துவிடுகிறது. ஒப்பந்தத்துக்கும் காவல் நிலையத்துக்கும் அது கையெழுத்துப் போடும் நாளில் கிடைத்தால் போதும். அட்வான்ஸ் பேசும் முன்பே அதைக் கேட்பதா, பேசி முடித்துக் கை கொடுத்த பிறகு கேட்பதா என்பதைப் புதுச்சேரி–கடலூர் சாலையில் இன்றைக்கும் ஒவ்வொரு வீட்டுக்காரரும் தாமாகவே முடிவு செய்துகொள்கிறார்.